தலை ஒரு ஊர், மரை ஒரு ஊர்



மலையகத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் கொழுந்துக் கூடையிலும் லயத்திலும் தொடங்குவது வழக்கம். நானும் அக்கரப்பத்தனையில் ஒரு லயக் காம்பராவில் பிறந்தவன்தான். இன்று மட்டும் ஒரு மோட்டார் வண்டியிலிருந்து தொடங்க அனுமதி கேட்கிறேன். இரண்டே பேர் அமரக்கூடிய, மேற்கூரையை மடித்துவிடக்கூடிய, சிவப்பு நிறத்து ஆங்கிலப் பந்தயக் கார் அது. எங்களுடையது அல்ல என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் என் தகப்பனாரின் ஞாயிற்றுக்கிழமைகள் பல அதற்குள்தான் இருக்கின்றன.

சித்திரை பிறந்தால் நுவரெலியாவில் 'சீசன்' என்பதை நேயர்கள் அறிவீர்கள். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாவியில் படகு என்று நகரமே கொழும்பு மனிதர்களால் நிரம்பிவிடும். அந்தச் சீசனோடு சேர்ந்து வளர்ந்த ஒன்றுதான் மாகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டம். 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. இலங்கையின் மோட்டார்ப் பந்தயங்களில் மிகப் பழையது இதுவே என்பார்கள்.

மலையேற்ற ஓட்டம் என்பது வட்டப் பாதையில் பத்து வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு ஓடும் பந்தயம் அல்ல. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். அடிவாரத்தில் கொடி விழும். வளைந்து வளைந்து ஏறும் ஒடுக்கமான பாதையில் ஓட்டுபவர் தன்னந்தனியாக ஏறி முடிக்க வேண்டும். எதிரி, கடிகாரம் மாத்திரமே. இங்கிலாந்தில் ஷெல்சிலி வோல்ஷ் என்னும் இடத்தில் 1905 முதல் இப்படியொரு ஓட்டம் நடந்து வருகிறது. பாதையின் நீளம் ஆயிரம் யார்தான். 1925இல் கொப் ஹில் என்ற மேட்டில், பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கால் முறிந்தது. அதன்பின் அந்த நாட்டில் பொது வீதியில் இத்தகைய ஓட்டங்களுக்குத் தடை வந்தது. தனியார் நிலத்துப் பாதைகளே அவற்றுக்குப் புகலிடமாயின. தேயிலைத் தோட்டங்களிலோ தனியார் பாதைக்குக் குறைவே இல்லை. கல் உடைத்துப் போட்டு, கான் வெட்டி, மழைக்குப் பின் மண் சரிவை வாரி, அந்தப் பாதைகளைப் பாதைகளாக வைத்திருந்தவர்கள் எங்கள் ஆட்கள். அதன்மேல் யார் வேகமாக ஏறுவது என்பதுதான் துரைமாரின் போட்டி.

நான் சொல்லும் வண்டி எம்.ஜி. நிறுவனத்தின் டீ.சி. என்னும் வகை. மொரிஸ் கராஜஸ் என்ற பெயரின் முதலெழுத்துகளே எம்.ஜி. 1945க்கும் 1949க்கும் இடையில் அபிங்டன் என்ற ஊரில் ஏறத்தாழ பத்தாயிரம் டீ.சி. வண்டிகள் செய்யப்பட்டன. இயந்திரம் 1,250 கன சென்ரிமீற்றர், வலு 54 குதிரை. இன்றைய சிறிய குடும்பக் கார்கூட அதைவிட வலுவானது. உடலின் உட்சட்டம் மரத்தால் ஆனது. சில்லுகள் சைக்கிள் சில்லுகளைப் போலக் கம்பி கோத்தவை. ஆனாலும் உலகமெங்கும் இளைஞர்களுக்கு வேகத்தின் அரிச்சுவடியைக் கற்பித்தது அந்த வண்டிதான். 1961இல் உலகச் சம்பியனான அமெரிக்கர் பில் ஹில் தமது ஆரம்பப் பந்தயங்களை ஓட்டியது டீ.சி. வண்டி ஒன்றில்தான். வாரம் முழுவதும் வேலைக்கு ஓட்டிச் சென்று, ஞாயிறன்று அதையே பந்தயத்தில் ஓட்டி, அதிலேயே வீட்டுக்குத் திரும்பலாம். அமெச்சூர் பந்தயம் என்பதன் அழகு அதுதான்.

அறுபதுகளில் எங்கள் தோட்டத்துச் சின்னத்துரை அப்படியொரு வண்டி வைத்திருந்தார். அவர் வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயதுக்கு மேல். அப்பா ஸ்டோரில் பிட்டராக இருந்தார். தேயிலை ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்து அரைக்கும் உருளைகள், காய வைக்கும் அடுப்புகள், காற்றாடிகள் ஆகியவற்றின் நோயெல்லாம் அப்பாவுக்கு ஓசையிலேயே தெரியும். துரையின் வண்டியும் மெல்ல மெல்ல அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

ஒருநாள் அந்த வண்டியின் எண்ணெய்த் தொட்டியைப் பிடித்திருந்த போல்ட் ஒன்றின் மரை தேய்ந்து போனது. அப்பா ஸ்டோர்ப் பெட்டியில் அதே தலையளவுள்ள போல்ட் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இரண்டு சுற்று ஏறியது, பிறகு இறுகி நின்றுவிட்டது. தலை பொருந்துகிறது, ஸ்பேனர் கச்சிதமாகப் பிடிக்கிறது, மரை மட்டும் சேரவில்லை. அப்பா இரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று அம்மா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

காரணம் விசித்திரமானது. மொரிஸ் நிறுவனத்துக்கு இயந்திரம் செய்து கொடுத்த கொவன்றி நகரத்து ஆலை, முதலில் ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனத்தின் ஆலையாக இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே துப்பாக்கி செய்தார்கள். போர் முடிந்ததும் கார் இயந்திரம் செய்யத் தொடங்கினார்கள். 1923இல் மொரிஸ் அதை வாங்கிக்கொண்டார். ஆலைக்குள் இருந்த இயந்திரங்களோ பிரெஞ்சு மெற்றிக் அளவில் மரை வெட்டுபவை. அத்தனையையும் மாற்றுவது பெருஞ்செலவு. ஆனால் இங்கிலாந்துத் தொழிலாளியின் கையில் இருந்தவை, 1841இல் ஜோசப் விட்வர்த் வகுத்த ஆங்கில அளவுக்கான ஸ்பேனர்கள். எனவே மரையைப் பிரெஞ்சு அளவிலும் தலையை ஆங்கில அளவிலும் செய்துவிட்டார்கள். டீ.சி. வண்டியின் இயந்திரம்வரை அந்த வழக்கம் தொடர்ந்தது. எங்கள் ஸ்டோரில் இருந்தவை எல்லாம் தலை முதல் மரை வரை விட்வர்த் அளவு. எப்படிப் பொருந்தும்?

இந்த வரலாறெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாவுக்குப் புத்தகம் இல்லை. அவர் அந்தப் போல்ட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தலை ஒரு ஊரு, மரை ஒரு ஊரு."

இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டு வரவழைக்கலாம் என்றால், அந்நியச் செலாவணி நெருக்கடியில் கார்களுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்திருந்த காலம் அது. அப்பா ஸ்டோரின் லேத்தில் அமர்ந்தார். அது அங்குலக் கணக்கில் மரை வெட்டும் லேத். ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீற்றர். அந்தப் புள்ளி நான்குதான் தொல்லை. பல்சக்கரங்களைக் கழற்றி, மாற்றி, மறுபடி கோத்து, தேயிலைப் பொதி ஒட்டும் தாளின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டு, மெற்றிக் அளவுக்கு மிக அருகில் வரும் ஒரு கோவையைக் கண்டுபிடித்தார். முதல் மூன்று போல்ட்டுகள் பழுதாயின. நான்காவது விரலாலேயே ஏறியது. தலையை மட்டும் ஆங்கில அளவிலேயே அரம் போட்டு எடுத்திருந்தார். தோட்டத்தில் இருந்த ஸ்பேனர்கள் அந்த அளவுதானே!

அதன்பின் அந்த வண்டிக்கு எத்தனை போல்ட் செய்தாரோ, எனக்குக் கணக்குத் தெரியாது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஞாயிறென்றால் அம்மா கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போவார். வந்து கூடையை இறக்கியதும் கேட்பார்: "நான் போனதுக்கு அரிசி வந்துச்சு. ஒங்க வண்டி என்னா தந்துச்சு?" அப்பா பதில் சொல்ல மாட்டார். கையில் படிந்த எண்ணெயை மரத்தூளில் தேய்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பதினொரு வயதானபோது, ஒரு சித்திரை மாதம் அப்பா என்னை மாகஸ்தோட்டைக்கு அழைத்துப் போனார். துரை வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். நாங்கள் கருவிப் பையோடு தோட்டத்து லொறியில், லிந்துலை, நானுஓயா வழியாக, பனி கலையுமுன் போய்ச் சேர்ந்தோம். துரைமாரும் அவர்களின் குடும்பத்தாரும் ஒருபக்கம் நாற்காலிகளில் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வளைவுகளின் மேட்டில் நின்றார்கள். கயிறு கிடையாது, தடுப்பு கிடையாது. வண்டி வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பும்போது கூட்டமே சிரித்துக்கொண்டு பின்வாங்கும், மறுபடி முன்னால் வரும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தபோது, அந்த மேட்டில் நின்ற எங்கள் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் தப்பியது சாமர்த்தியத்தால் அல்ல.

எங்கள் துரையின் முதல் ஓட்டம் வந்தது. அப்பா வண்டியைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சத்தம் கீழிருந்து ஏறி, எங்களைக் கடந்து, மேலே போய் அடங்கியது. "மூச்சு முட்டுது" என்றார்.

அதன் பொருளையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். அங்கே காற்றின் செறிவு கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. இயந்திரத்துக்குப் பெட்ரோலைப் போலவே காற்றும் உணவுதான். காற்றுக் குறைந்தால் வலுவும் குறையும். 54 குதிரையில் எட்டோ ஒன்பதோ அடிவாரத்திலேயே தங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மாத்திரமல்ல, எங்கள் தோட்டத்தில் சரியாக நின்ற கலவை, அதைவிட உயரமான அந்த மேட்டில் பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். எரியாமல் கரி பிடிக்கும்.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன் அப்பா ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நுனி கரியாக இருந்தது. "நல்லா எரிஞ்சா, சரியாப் புளிச்ச தூள் மாதிரி செம்பு நெறமா இருக்கணும்" என்று எனக்குக் காட்டினார். பிறகு காபரேற்றர் இரண்டின் அடியிலும் உள்ள ஆறுமுக நட்டை ஒரேயொரு முகம் மேலே திருப்பினார். ஆறில் ஒரு சுற்று, அவ்வளவுதான்.

"போதுமா?" என்று துரை தமிழில் கேட்டார்.

"இன்னிக்கு இது போதும் தொரை. பனி எறங்குனா வேற" என்றார் அப்பா.

இரண்டாம் முறை வண்டி ஏறியபோது சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. எனக்கே தெரிந்தது. அப்பா அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வண்டி மேலே போய்ச் சேருமுன்பே கருவிகளைப் பையில் அடுக்கத் தொடங்கிவிட்டார். முதல் ஓட்டத்தைவிட இரண்டு விநாடி குறைந்திருந்தது. அந்த வகுப்பில் இரண்டாம் இடம், ஒரு சிறிய வெள்ளிக் கிண்ணம். துரை மகிழ்ச்சியோடு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிப் பத்து ரூபாய் கொடுத்தார். வீட்டில் அம்மா அதை எத்தனை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வகுத்துப் பார்த்தார்.

அந்த வாரத்து ஆங்கிலப் பத்திரிகையில் முடிவுகள் வந்தன. ஓட்டியவர் பெயர், வண்டியின் பெயர், நேரம். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதை வெட்டியெடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அதில் அவர் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. உலகில் எந்தப் பந்தயத்திலும் ஓட்டியவர் பெயரைத்தான் போடுவார்கள்.

ஆனால் அமெச்சூர் என்ற சொல்லைப் பற்றி நான் பல காலம் யோசித்திருக்கிறேன். அது அன்பு என்னும் பொருள்தரும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. கூலிக்காக அல்லாமல் விருப்பத்துக்காகச் செய்பவர் என்பது கருத்து. இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு நிழலும் உண்டு. கூலி தேவைப்படாத வசதியுள்ளவர் என்பது அது. துரை அந்த இரண்டாவது பொருளில் அமெச்சூர். கூலி தேவைப்பட்டும், கூலி வாங்காமல், ஒரு மரையின் பொருத்தத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த அப்பாவை என்னவென்று அழைப்பது? முதற்பொருளில் அந்தச் சொல் அவருக்குத்தான் உரியது என்று எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்லும்போது அம்மாவின் கேள்வியும் காதில் விழுகிறது. விருப்பம் என்ற பெயரில் ஒருவரின் உழைப்பு இலவசமாய்ப் போவதும் உண்டுதான். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை மறைக்க நான் விரும்பவில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றவர் நமது கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே வந்த 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், அவரைத் தெரிந்தெடுத்து அனுப்பிய மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்த மக்களுள் அப்பாவும் ஒருவர். துரையின் வண்டிக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது, இலக்கத் தகடு இருந்தது. அதன் இயந்திரத்தை உயிரோடு வைத்திருந்தவருக்கு எந்தப் பதிவும் இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டார்கள். சித்தப்பா குடும்பம் மன்னார் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேசுவரம் சேர்ந்து, கோத்தகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போனது. அப்பாவுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. போவதா என்று ஒவ்வோர் ஆண்டும் யோசித்தார். ஒவ்வோர் ஆண்டும் ஸ்டோரில் ஏதாவதொரு இயந்திரம் பழுதாகியிருக்கும்.

இதற்கிடையில் துரை தாய்நாடு திரும்பிவிட்டார். வண்டி கொழும்புக்கு விலையாயிற்று. 1975இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1983 வந்தது. 1984இல் கப்பலும் நின்றது. 1986இல் அப்பா காலமானார். டிரங்குப் பெட்டியில், பந்தய முடிவு அச்சான அந்தத் துண்டின்மேல், ஒருமுறைகூடப் பயணம் செய்யாத இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. பிறந்தது, உழைத்தது, இறந்தது எல்லாம் அக்கரப்பத்தனை. காகிதத்தில் வேறு நாடு. போல்ட்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு அவர் சொன்ன வார்த்தை அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியபோது, அதைக் காட்டுவதற்கு அவர் இல்லை.

நமது மலையக இலக்கியம் கொழுந்து பறித்த கையைப் பாடியிருக்கிறது. கவ்வாத்துக் கத்தி பிடித்த கையைப் பாடியிருக்கிறது. கப்பலேறிப் போனவர்களின் கண்ணீரை எழுதியிருக்கிறது. அவை எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் லேத்தில் அமர்ந்து புள்ளி நான்கோடு மல்லுக்கட்டிய கை, சத்தத்தைக் கேட்டுக் கலவையைச் சொன்ன காது, இவை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். நம்மை உழைப்பாளிகள் என்று சொல்பவர்கள் பலர். நம்மிடையே தொழில் விற்பன்னர்கள் இருந்தார்கள் என்று சொல்பவர்கள் குறைவு. ஸ்டோர்ப் பிட்டர், தச்சாசாரி, லொறி சாரதி என்று உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார். அவர் எதை, எப்படிச் செய்தார் என்பதை விவரமாக எழுதி வையுங்கள். கண்ணீரைக் கற்பனையில் எழுதிவிடலாம், பல்சக்கரக் கணக்கை அப்படி எழுத முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில் நுவரெலியாவில் பழைய கார்கள் வரிசையாக நிறுத்தியிருப்பதைக் கண்டு போய்ப் பார்த்தேன். அவற்றுள் ஒரு டீ.சி. நின்றது. சிவப்பு அல்ல, பச்சை. எங்கள் துரையின் வண்டியாக இருக்காது என்று தெரிந்தும், பொனற்றைத் திறந்து காட்டுவீர்களா என்று அதன் சொந்தக்காரரிடம் கேட்டேன். கொழும்பிலிருந்து வந்த சிங்கள இளைஞர். சந்தோஷமாகத் திறந்து காட்டினார். நான் குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தேன். எல்லாம் புதியவை, பளபளத்தன. இங்கிலாந்திலிருந்து தருவித்தவையாம்.

"இந்த வண்டியின் மரை ஒரு தனி மாதிரி அங்கிள்" என்று அவர் விளக்கினார். "தலை ஆங்கில அளவு, மரை மெற்றிக். இந்த நாட்டில் எங்கேயுமே கிடைக்காது."

"ஒரு காலத்தில் அக்கரப்பத்தனையில் கிடைத்தது மகன்" என்றேன்.